பழைய கடைவீடு எப்படி மூச்சு விடுகிறது?

மாணவர்களே, தைப்பிங், கம்பார், தெலுக் இந்தான், மூவார் போன்ற சிறு நகரங்களின் பழைய கடைத்தெருவில் நீங்கள் நடந்திருப்பீர்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் இரண்டு மாடிக் கட்டடங்கள். கீழே மளிகைக் கடையோ முடிதிருத்தும் கடையோ இருக்கும். மேலே ஒரு குடும்பம் குடியிருக்கும். இவைதாம் கடைவீடுகள்.

இந்தக் கட்டடத்தில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு கடைவீட்டின் அகலம் 6 மீட்டர், நீளம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கச் சுவர்களையும் பக்கத்து வீடுகளோடு பகிர்ந்துகொள்வதால் அங்கே சன்னல் வைக்க முடியாது. சன்னல் வைக்கக்கூடிய இடம் முன்புறமும் பின்புறமும் மட்டுமே. இந்த வீடுகளில் பல, மின்விசிறியும் மின்விளக்கும் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. அப்படியானால் வீட்டின் நடுவில் இருப்பவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் எப்படிக் கிடைத்தன?

விடை உங்கள் அறிவியல் பாடநூலில்தான் இருக்கிறது. வெப்பச்சலனம், அடர்த்தி, நுண்புழை ஏற்றம், கால்சியம் சேர்மங்கள் ஆகிய நான்கு பாடங்களையும் ஒரே வீட்டில் பார்க்கலாம். வாருங்கள், தெருவிலிருந்து தொடங்கி உள்ளே போவோம்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது?

தென்சீனத்திலிருந்து வந்த கைவினைஞர்கள் நடுமுற்றம் வைத்துக் கட்டும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அதனோடு உள்ளூர் மழையும் வெயிலும் காலனி ஆட்சியின் விதிகளும் சேர்ந்து கடைவீட்டை உருவாக்கின. சிங்கப்பூரில் 1822-இல் நகரத் திட்டம் வகுத்தபோது ராஃபிள்ஸ், தெருவோரக் கட்டடங்களின் முன்னால் கூரையுள்ள நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். நாம் இன்றும் 'அஞ்சடி' என்று அழைக்கும் நடைபாதை அதுதான். மலாயில் அதைக் 'காக்கி லீமா' என்கிறார்கள்.

கோலாலம்பூரின் கதை வேறு. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்டிருந்த அந்த ஊரை 1881-இல் ஒரு பெருந்தீ அழித்தது. அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. அதன்பின் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அதற்குச் செங்கல் வேண்டுமே! செங்கல் சூளைகள் இருந்த பகுதிதான் இன்று நம்மவர்கள் நிறைந்திருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருப்பதைக் கவனித்தீர்களா?

தீயைத் தடுப்பதில் பக்கச் சுவருக்கும் பங்கு உண்டு. பல கடைவீடுகளில் இந்தச் சுவர் கூரையையும் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டுக் கூரையில் பிடித்த தீ அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவாமல் அது தடுக்கிறது.

சரி, வீடு ஏன் இவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது? ஒரு காரணம் மர உத்தரம். மாடியைத் தாங்கும் உத்தரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர்வரை குறுக்கே கிடக்கின்றன. அவற்றின் மீது எடை சீராகப் பரவியிருக்கிறது என்று கொள்வோம். அதே உத்தரத்தை இரண்டு மடங்கு இடைவெளியில் போட்டால், அதை வளைக்கும் விசைத் திருப்பம் 4 மடங்காகும். நடுவில் அது தாழும் அளவோ 16 மடங்காகும்! ஆகவே அகலத்தைக் கூட்டுவது செலவு மிக்க வேலை. நீளத்தைக் கூட்டுவது எளிது. இன்னும் சில உத்தரங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் போதும். தெருவோர நிலத்தின் மதிப்பு அதிகம் என்பதும் ஒடுக்கத்திற்கு இன்னொரு காரணம்.

அஞ்சடி: ஒரு முக்கோணவியல் கணக்கு

முதலில் அஞ்சடியில் நில்லுங்கள். 5 அடி என்பது ஏறத்தாழ 1.5 மீட்டர். பல ஊர்களில் இதைவிட அகலமாகவும் கட்டியிருக்கிறார்கள். மேல்மாடி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க, கடையின் சுவர் 1.5 மீட்டர் உள்வாங்கியிருக்கிறது. இந்த நிழல் எவ்வளவு நேரம் சுவரைக் காக்கும்?

மேற்கு நோக்கிய ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சூரியன் நேர் எதிரே 65 பாகை உயரத்தில் இருக்கிறது. நிழலின் நீளத்தைக் காண, 1.5-ஐ டான்ஜென்ட் 65 பாகையால் பெருக்க வேண்டும். 1.5 × 2.14 = 3.2 மீட்டர். அதாவது மேல்தளத்தின் அடியிலிருந்து 3.2 மீட்டர் கீழ்வரை சுவர் நிழலில் இருக்கும். கீழ்த்தளத்தின் உயரம் அவ்வளவுதான் என்றால் முழுச் சுவருக்கும் வெயில் படாது.

சூரியன் எப்போது அந்த உயரத்திற்கு இறங்கும்? நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. தீபகற்ப மலேசியாவோ ஏறத்தாழ 101 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 19 பாகைக்கு 76 நிமிடம். ஆகவே நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று, சுமார் 1.15-க்கு. மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது 65 பாகைக்கு இறங்கும்போது மணி ஏறத்தாழ 3. அதுவரை கடை முழு நிழலில் இருக்கிறது.

மாலை 5 மணிக்கு என்ன ஆகும்? சூரியனின் உயரம் சுமார் 35 பாகை. 1.5 × 0.70 = 1.05 மீட்டர். சுவரின் மேற்பகுதியில் ஒரு மீட்டருக்கு மட்டுமே நிழல். மீதி இரண்டு மீட்டருக்கு மேல் வெயில் அடிக்கும். மேற்குப் பார்த்த கடைகளின் முன்னால் மூங்கில் திரைகள் தொங்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா? கடைக்காரர் டான்ஜென்ட் படித்திருக்க வேண்டியதில்லை. மாலை வெயில் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

கதவையும் பாருங்கள். பல பழைய வீடுகளில் கனமான பெருங்கதவுக்கு முன்னால் இடுப்பளவோ நெஞ்சளவோ உயரமுள்ள ஒரு குட்டைக் கதவு இருக்கும். 'பிந்து பாகார்' என்பது அதன் மலாய்ப் பெயர். பகலில் பெருங்கதவைத் திறந்து குட்டைக் கதவை மட்டும் சாத்தினால், தெருவில் போவோர் பார்வையும் கோழியும் நாயும் உள்ளே வராது. காற்று வரும். கதவுக்கும் சன்னலுக்கும் மேலே சுவரில் வைத்திருக்கும் பூவேலைத் துளைகளும் காற்றுக்காகத்தான்.

முற்றம்: வீட்டின் மூக்கு

முன்னறையைத் தாண்டி உள்ளே போனால் திடீரென்று வெளிச்சம். மேலே பார்த்தால் வானம். இதுதான் முற்றம். சீனர்கள் இதைத் 'தியென் ஜிங்' என்கிறார்கள். 'வானக் கிணறு' என்று பொருள். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம் உண்டு. நீளமான கடைவீடு என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட முற்றங்களும் இருக்கும்.

முற்றம் எப்படிக் காற்றை நகர்த்துகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரவு நேரம். வெளியே வெப்பநிலை 25 பாகை செல்சியஸ். பகலெல்லாம் சூடேறிய சுவர்களால் வீட்டுக்குள் 30 பாகை. 25 பாகையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.185 கிலோகிராம். 30 பாகையில் அது 1.165 கிலோகிராம். வேறுபாடு 0.02 கிலோகிராம், அதாவது வெறும் 20 கிராம். தரையிலிருந்து கூரைவரை உயரம் 8 மீட்டர் என்றால், அழுத்த வேறுபாடு இப்படி வரும்:

அடர்த்தி வேறுபாடு × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் = 0.02 × 9.8 × 8 = சுமார் 1.6 பாஸ்கல்.

1.6 பாஸ்கல் என்றால் எவ்வளவு? நீங்கள் எழுதும் ஏ4 தாள் இரண்டை மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், அவை மேசையை அழுத்தும் அளவு. அவ்வளவுதான்! காற்றோ மிக இலேசானது. இரண்டு தாளின் அழுத்தமே அதை நகர்த்தப் போதும். உராய்வே இல்லை என்றால் காற்று நொடிக்கு 1.6 மீட்டர் வேகம்வரை எட்டும். கதவுகளும் மூலைகளும் தடுப்பதால் உண்மையில் வேகம் மிகக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் இரவு முழுக்க அது நிற்காமல் நடக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் வெப்பக் காற்று முற்றத்தின் வழியாகவும் ஓடுகளின் இடுக்குகள் வழியாகவும் மேலே போகிறது. அதன் இடத்தை நிரப்ப, குளிர்ந்த காற்று முன்கதவுத் துளைகள் வழியாக உள்ளே வருகிறது. இதைப் 'புகைபோக்கி விளைவு' என்பார்கள்.

இரவில் நடக்கும் இந்த வேலையின் பலன் பகலில் தெரியும். காரணம் செங்கல் சுவரின் வெப்பக் கொள்ளளவு. ஒரு கன மீட்டர் செங்கல் சுவரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த, அதே கன அளவுள்ள காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். இரவில் ஆறிய சுவர், பகலில் அறையின் வெப்பத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது. ஆகவேதான் நண்பகலில் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் 'சில்' என்று இருக்கிறது. அந்தச் சுவருக்கு இரவில் ஆற வாய்ப்புக் கொடுக்காவிட்டால் அடுத்த நாள் இந்தக் குளிர்ச்சி கிடைக்காது.

பகலில் முற்றம் வேறு வேலைகளைச் செய்கிறது. தெருவில் காற்று வீசும்போது முன்கதவு வழியே வந்த காற்று வெளியேற அது வழி தருகிறது. நடு அறைகளுக்கு வெளிச்சம் தருகிறது. முற்றம் ஆழமானது, ஒடுக்கமானது. அதனால் உச்சி வேளையில் சிறிது நேரம்தான் அதன் தரையில் நேர் வெயில் விழும். மற்ற நேரமெல்லாம் சுவரில் பட்டுச் சிதறிய மென்மையான ஒளிதான்.

மழை வந்தால்?

வானம் பார்த்த முற்றம் என்றால் மழையும் உள்ளே வருமே! வரும். வரட்டும் என்றுதான் கட்டினார்கள். கூரையின் உட்பக்கச் சரிவுகள் முற்றத்தை நோக்கியே இருக்கும். மழைநீர் வீட்டுக்குள் விழுவது செல்வம் வந்து சேர்வதற்கு அடையாளம் என்பது சீனர்களின் நம்பிக்கை.

எவ்வளவு நீர் வரும்? தீபகற்பத்தில் அதிக மழை பெறும் நகரங்களில் ஒன்று தைப்பிங். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு பிற்பகலில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டுவதாக வைத்துக்கொள்வோம். முற்றமும் அதை நோக்கிச் சரியும் கூரையும் சேர்ந்து 60 சதுர மீட்டர் என்றால், 60 × 0.05 = 3 கன மீட்டர். அதாவது 3,000 லிட்டர், எடையில் 3 டன்! இதனால்தான் முற்றத்தின் தரை மற்ற அறைகளைவிடத் தாழ்வாகவும், கருங்கல்லோ சுட்ட மண் தட்டோ பதித்தும் இருக்கிறது. நீரை வெளியேற்றத் தரைக்கடியில் ஒரு கால்வாயும் உண்டு. அந்தக் கால்வாய் அடைத்துக்கொண்டால் முற்றம் குளமாகும். சுவரின் அடிப்பகுதி ஊறத் தொடங்கும்.

மழை நின்ற பின் ஈரத்தரையிலிருந்து நீர் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைத் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் ஏற்கெனவே அதிகம். ஆகவே ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். காற்றோட்டம் இருந்தால்தான் இந்தக் குளிர்ச்சி நமக்குக் கிடைக்கும்.

சுவரின் வேதியியல்

இனி சுவரைத் தொட்டுப் பாருங்கள். பழைய கடைவீட்டின் செங்கல்லை இணைத்திருப்பதும் மேலே பூசியிருப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவை. சிமெண்டு அன்று.

சுண்ணாம்பின் கதை ஒரு வட்டம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். கால்சியம் கார்பனேட், கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிகிறது. கால்சியம் ஆக்சைடுதான் சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் ஊற்றினால் கொதித்து, கால்சியம் ஹைட்ராக்சைடாகிறது. இது நீற்றிய சுண்ணாம்பு. மணலோடு சேர்த்துச் சுவரில் பூசிய பிறகு, அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல ஈர்த்து மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. கல்லாகப் பிறந்தது கல்லாகவே திரும்புகிறது. ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்பு நீருக்குள் ஊதி அது பால்போல் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் நடப்பதும் அதே வினைதான். ஆனால் அங்கே மாதக்கணக்கில் நடக்கும்.

இதில் நம்மவர்களின் கைவண்ணமும் உண்டு. சிங்கப்பூரில் 1860-களின் தொடக்கத்தில் முடிந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் கட்டினார்கள். அதன் உட்சுவருக்கு அவர்கள் பூசியது 'மதராஸ் சுண்ணம்'. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த கலவை அது. ஆங்கிலத்தில் இந்தப் பூச்சுக்கு வழங்கும் 'சுனாம்' என்ற பெயரும் 'சுண்ணம்' என்பதிலிருந்து போனதுதான்.

சுண்ணாம்புப் பூச்சில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. இது குறையன்று, அதன் சிறப்பே இதுதான். ஏன் என்று பார்ப்போம்.

பழைய வீடுகளின் அடித்தளத்தில், நிலத்து ஈரத்தைத் தடுக்கும் தகடு கிடையாது. நுண்புழை ஏற்றத்தால் நிலத்தடி ஈரம் செங்கல்லின் துளைகள் வழியே மேலேறுகிறது. துளை எவ்வளவு சிறியதோ, நீர் அவ்வளவு உயரம் ஏறும். ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் 15 சென்டிமீட்டர். ஆரம் 0.01 மில்லிமீட்டர் என்றால் 1.5 மீட்டர்! ஆனால் நல்ல நிலையிலுள்ள பழைய சுவரில் ஈரம் அவ்வளவு உயரம் போவதில்லை. ஏறும் வழியிலேயே சுண்ணாம்புப் பூச்சின் துளைகள் வழியாக அது ஆவியாகிவிடுகிறது. ஏறும் நீரும் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடும்.

சிமெண்டு பூசினால் என்ன ஆகும்?

சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்கிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? 'நல்ல உறுதியான சிமெண்டாகப் பூசிவிடுவோம்' என்பார். நியாயமான எண்ணம்தான். ஆனால் சிமெண்டுப் பூச்சு நீராவியை எளிதில் வெளியே விடாது. அதன் மேல் பளபளப்பான பெயிண்டும் அடித்தால் வழி இன்னும் அடைபடும். வெளியேற முடியாத ஈரம் பூச்சின் எல்லையைத் தாண்டி மேலே ஏறும். இதற்குமுன் உலர்ந்திருந்த இடமும் ஊறும். அங்கேயிருக்கும் மர உத்தரத்தின் முனை உளுக்கத் தொடங்கும்.

இன்னொரு ஆபத்து உப்பு. நிலத்து நீரில் உப்புகள் கரைந்திருக்கும். நீர் ஆவியானதும் உப்பு படிகமாகிறது. வளரும் படிகம் துளையின் சுவரை நெட்டித் தள்ளுகிறது. சுண்ணாம்புச் சுவரில் இது வெளிப்பூச்சில் நடக்கும். பூச்சு மாவாக உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினால் செங்கல் தப்பிக்கும். சிமெண்டுச் சுவரிலோ உப்பு, பூச்சுக்குப் பின்னால் செங்கல்லிலேயே படிகமாகும். ஒருநாள் சிமெண்டு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

இங்கே ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது, மாணவர்களே. உறுதியான பொருள்தான் நல்ல பொருள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பழைய சுவரில் பூச்சு, செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்வது பூச்சாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். தேய்வது செங்கல்லாக இருந்தால் வீடே போய்விடும்.

செய்து பாருங்கள்

பரிசோதனை 1: உங்களுக்குத் தேவையானவை சமையலறைத் தாள், இரண்டு குவளை, வண்ணம் கலந்த நீர், ஒளிபுகும் நெகிழித்தாள். சம அளவுள்ள இரண்டு நீளத் தாள் துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றை அப்படியே தொங்கவிடுங்கள். மற்றதைச் சுற்றி நெகிழித்தாளைச் சுற்றி மூடுங்கள். இரண்டின் அடிமுனையும் நீரில் அமிழட்டும். மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்து, இரண்டிலும் நீர் ஏறும் உயரத்தை மணிக்கு ஒருமுறை அளந்து வரைபடம் வரையுங்கள். எதில் நீர் அதிக உயரம் ஏறுகிறது? திறந்த தாளில் வண்ணம் எங்கே அடர்த்தியாகச் சேர்கிறது? திறந்த தாள் சுண்ணாம்புச் சுவர். மூடிய தாள் சிமெண்டுச் சுவர். வண்ணம் சேரும் இடம்தான் உப்பு படியும் இடம்.

பரிசோதனை 2: உங்கள் உறவினர் யாராவது கடைவீட்டில் இருந்தால் அனுமதி கேட்டு, தெரு, அஞ்சடி, முன்னறை, முற்றம், மேல்மாடி ஆகிய ஐந்து இடங்களில் காலை 8, பிற்பகல் 2, இரவு 8 மணிக்கு வெப்பநிலையை அளந்து அட்டவணையிடுங்கள். வெப்பமானியில் நேர் வெயில் படக் கூடாது. முற்றத்தில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

இப்போது முடிவு யார் கையில்?

மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க விதிமுறைகள் உண்டு. ஆனால் நம் நாட்டின் பெரும்பாலான கடைவீடுகள் அந்த எல்லைக்கு வெளியே, சிறு நகரங்களில்தான் நிற்கின்றன. அவற்றின் கதியை முடிவு செய்வது பெரும்பாலும் வீட்டுக்காரரும் கொத்தனாரும்தான். அந்த வீட்டுக்காரர் உங்கள் தாத்தாவாகவும் இருக்கலாம்.

அவர்கள் செய்யும் மாற்றங்களில் மூன்று அடிக்கடி நடப்பவை. ஒன்று, முற்றத்தை ஒளிபுகும் நெகிழித் தகட்டால் மூடுவது. இரண்டு, சுவருக்குச் சிமெண்டு பூசுவது. மூன்று, மண் ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடுவது. மூன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. மழைச்சாரல், கொசு, திருட்டு, ஒழுகல் என்று யாருக்குத்தான் தொல்லை இல்லை? ஆனால் மூன்றும் சேர்ந்தால் வீட்டின் மூக்கையும் தோலையும் அடைத்ததுபோல் ஆகிவிடும். தகரம் சூட்டை உடனே கீழே இறக்கும். மூடிய முற்றத்தில் வெப்பக் காற்று மேலே தங்கும். இரவில் சுவர் ஆறாது. அதன்பின் குளிர்சாதனம் வாங்க வேண்டும், மாதந்தோறும் மின்கட்டணம் கட்ட வேண்டும்.

சில சிறு நகரங்களில் இன்னொரு காட்சியையும் காண்கிறோம். பறவைக்கூடு எடுப்பதற்காக மாடிச் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, உள்ளே வேண்டுமென்றே ஈரப்பதத்தைக் கூட்டுகிறார்கள். பறவைக்கு அது வசதிதான். மர உத்தரத்துக்கும் பக்கத்து வீட்டோடு பகிரும் சுவருக்கும் அது கெடுதல். நினைவிருக்கட்டும், கடைவீட்டில் ஒருவர் செய்வது ஒருவரோடு முடிவதில்லை. ஒரு வீட்டை இடித்தால், மழையே பார்த்திராத பக்கச் சுவர் முதன்முறையாக நனையும். அலமாரியில் சாய்ந்து நிற்கும் புத்தக வரிசையிலிருந்து ஒன்றை உருவினால் மற்றவை என்ன ஆகுமோ, அதே நிலைதான்.

தொல்லைகளைத் தீர்க்க வேறு வழி இல்லையா? இருக்கிறது. முற்றத்துக்குக் கூரை வேண்டுமென்றால், அதைப் பழைய கூரையைவிட அரை மீட்டர் உயர்த்திப் போட்டு, நான்கு பக்கமும் திறந்துவிட்டுக் கொசுவலை அடிக்கலாம். மழை தடுக்கப்படும், காற்றும் வெளியேறும். சுவரின் அடிப்பகுதி உதிர்ந்தால் முதலில் கால்வாய் அடைப்பைப் பார்க்க வேண்டும். பிறகு சுண்ணாம்பே பூசி, சுண்ணாம்பு வெள்ளையடிக்க வேண்டும். ஓடு உடைந்தால் உடைந்ததை மட்டும் மாற்றலாம். இவற்றில் முதல் வேலை மிகவும் மலிவானது. கால்வாயைச் சுத்தம் செய்ய ஒரு மண்வெட்டியும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

அடுத்த முறை வீட்டில் பழுதுபார்க்கும் பேச்சு எழுந்தால், உங்கள் பரிசோதனைத் தாள்கள் இரண்டையும் எடுத்துப்போய்த் தாத்தாவிடம் காட்டுங்கள். கொத்தனார் வருவதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.

சிந்திக்க

1. அஞ்சடியின் அகலம் 2.1 மீட்டராக இருந்தால், சூரியன் 35 பாகை உயரத்தில் இருக்கும்போது சுவரில் எத்தனை மீட்டருக்கு நிழல் விழும்?

2. கட்டடத்தின் உயரம் 8 மீட்டருக்குப் பதிலாக 12 மீட்டர் என்றால், நாம் கணக்கிட்ட அழுத்த வேறுபாடு எவ்வளவாகும்? அது எத்தனை ஏ4 தாள்களுக்குச் சமம்?

3. வெளியேயும் உள்ளேயும் வெப்பநிலை ஒன்றாக இருந்தால் முற்றம் காற்றை நகர்த்துமா? அப்போது வேறு எதை நம்ப வேண்டும்?

4. நீங்கள் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டிலோ தரை வீட்டிலோ வெப்பக் காற்று வெளியேற வழி எங்கே இருக்கிறது? படம் வரைந்து காட்டுங்கள்.